பிள்ளைக்கு ‘நல்ல பழக்கம்’ யார் பழக்குவது?

“அண்ணை, இவனை எங்கயாவது சேர்த்துவிடுங்கோ. நாலு நல்ல பழக்கம் பழகட்டும்.”

எங்கள் வீதியில் இருக்கிற ஒரு தாய் போன வருடம் இப்படிக் கேட்டார். பெடியனுக்கு 12 வயது. தாய் வாசித்த குற்றப்பட்டியலில் மூன்று விஷயம்: போன், பொய், அடுத்த வளவு மாமரத்துக்குக் கல்லெறி. நான் கிளிநொச்சிப் பக்கம் ஒரு கோயில் மண்டபத்தில் பல வருடமாக அறநெறி வகுப்பு எடுக்கிறவன். கேட்ட உடனே ஓர் இடத்தைச் சொல்லிவிடுவேன் என்று நினைத்திருப்பார். எனக்கோ, எங்கே சேர்ப்பது என்பதற்கு முன்னால், சேர்த்தால் அங்கே உண்மையில் என்னதான் நடக்கும் என்ற கேள்வி வந்து நின்றது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். மாரியில் கூரை ஒழுகுவதும் மனிதர் நல்லபடி ஒழுகுவதும் தமிழில் ஒரே சொல். விடாமல் ஓடிக்கொண்டிருப்பதுதான் ஒழுகல். ஒருவரிடம் அப்படி நாள்தோறும் ஓடிக்கொண்டிருக்கும் நடத்தைக்கு ஒழுக்கம் என்று பெயர். பரிசளிப்பு விழாவில் ஒரு நாள் காட்டிவிட்டுப் போகிற சாமான் இல்லை அது. அறம் என்பது இன்னொன்று: எது சரி, எது பிழை, ஏன் என்கிற யோசனை. அறம் தெரிந்தவர் எல்லாரும் ஒழுக்கமாக நடக்கிறார்களா என்று பார்க்க விரும்பினால் எங்கள் கோயில் பொதுக்கூட்டம் ஒன்றுக்கு வந்து கடைசி வாங்கில் இருங்கள்.

மூன்றாவதாக ஒழுங்கு என்று ஒன்று இருக்கிறது. முடி கட்டையாக வெட்டுவது, சப்பாத்து வெள்ளையாக இருப்பது, வரிசையில் அசையாமல் நிற்பது எல்லாம் அதில் சேரும். பாடசாலைகளில் ‘ஒழுக்கம்’ என்ற பெயரில் நடப்பதில் முக்கால்வாசி இதுதான். ஒழுங்கும் வேண்டும், சரி. ஆனால் கண்காணிக்க ஆளில்லாத இடத்தில் அது கழன்று விழுந்துவிடும். ஒழுக்கத்துக்கு அந்த இடத்தில்தான் வேலை.

ஒரு உதாரணம். இரணைமடுக் குளத்தின் கீழ் சிறுபோகம், அதாவது வறண்ட காலத்து நெற்செய்கை என்றால் தண்ணீர் எண்ணித்தான் கிடைக்கும். எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று கூட்டம் வைத்து முடிவெடுத்து, காணிக்காரருக்குள் பங்கு பிரித்து, பிறகு வாய்க்காலில் முறை வைத்து விடுவார்கள். இரவு இரண்டு மணி. வாய்க்கால் கரையில் ஒரு ஆள் இல்லை. கையில் மண்வெட்டி. அடுத்த வயலுக்குப் போகிற தண்ணீரை ஒரு மணித்தியாலம் உங்கள் பக்கம் திருப்பிவிட்டால் என்ன?

திருப்பக் கூடாது என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். ஏன் என்று கேட்டால்தான் ஆளுக்கு ஆள் வித்தியாசம் தெரியும். பிடிபட்டால் தண்டம் கட்ட வேணும் என்பார் ஒருவர். இன்றைக்கு நான் வெட்டினால் நாளைக்கு அவன் எனக்கு வெட்டுவான் என்பார் அடுத்தவர். ஊர் என்ன கதைக்கும் என்பது ஒரு காரணம். கூட்டத்தில் நானும் கை உயர்த்தினேனே என்பது இன்னொன்று. யார் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் கடைவாய்க்கால் வயலுக்கும் அந்தத் தண்ணீரில் உரிமை இருக்கிறது என்று சொல்கிறவரும் இருப்பார். லோரன்ஸ் கோல்பேர்க் என்ற அமெரிக்க உளவியலாளர் 1950களின் கடைசியில் சிக்காகோவில் இப்படித்தான் பெடியன்களிடம் சங்கடமான கதைகளைச் சொல்லிக் கேட்டார். அவர்களின் விடையை விட்டுவிட்டு, அதற்குச் சொன்ன காரணத்தைப் பிடித்துக்கொண்டார். பயத்தில் தொடங்கிப் பொது நியாயம் வரைக்கும் ஆறு படிகளாக அவற்றை அடுக்கினார். அவருடன் வேலை செய்த கரோல் கில்லிகன் 1982 இல் ஒரு மறுப்புச் சொன்னார்: நியாயத்தை மட்டும் அளந்தால் போதுமா, பரிவு எங்கே? ‘அடுத்த வயல் செய்கிறது புருசன் இல்லாத மனிசி, மூன்று பிள்ளைகள்’ என்று மண்வெட்டியைக் கீழே வைக்கிறவரை எந்தப் படியில் நிறுத்துவீர்கள்? எனக்குக் கில்லிகன் பக்கம்தான் மனம் சாயும்.

காரணத்தை அழகாகச் சொன்னவர் இரவு இரண்டு மணிக்கு மண்வெட்டியைத் தூக்க மாட்டார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. இதைச் சோதித்தே பார்த்த ஆய்வு ஒன்று இருக்கிறது. ஹியூ ஹார்ட்சோன், மார்க் மே என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1920களில் சுமார் 11,000 பிள்ளைகளை வைத்துச் செய்தது. 1928 முதல் 1930 வரை முடிவுகள் வெளியாகின. பிள்ளைகளின் விடைத்தாளை எடுத்து இரகசியமாகப் பிரதி செய்துகொண்டு, தாளையும் சரியான விடைகளையும் அவர்களிடமே கொடுத்துத் திருத்தச் சொன்னார்கள். விளையாட்டுப் பெட்டியில் ஒரு நாணயத்தைப் போட்டுக் கொடுத்து, அது திரும்பி வருகிறதா என்று பார்த்தார்கள். வந்த முடிவு பலருக்குக் கசந்தது. சோதனையில் களவு செய்த பிள்ளை காசைத் தொடவில்லை. காசை எடுத்த பிள்ளை விளையாட்டில் நேர்மையாக இருந்தது. முழுக் கள்ளன், முழு நல்லவன் என்று பிரிக்க முடியவில்லை. ஞாயிறு வகுப்புக்கும் நல்லொழுக்கச் சங்கங்களுக்கும் போன பிள்ளைகள் மற்றவர்களை விடப் பெரிதாக நேர்மையாக இருந்ததாகவும் தெரியவில்லை. ஒரு விஷயம் மட்டும் பிடிபட்டது: வகுப்பறையின் போக்கு எப்படியோ, ஆசிரியருக்கும் பிள்ளைகளுக்கும் உள்ள உறவு எப்படியோ, பிள்ளையும் அப்படி.

நான் ஞாயிறு வகுப்பு எடுக்கிறவன். இதை முதல் முறை அறிந்தபோது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அதற்குப் பிறகுதான் மண்டபத்து மூலையில் ஒரு பெட்டி வைத்தோம். பேனை 40 ரூபாய், பென்சில் 30, அழிறப்பர் 30. காசு போட ஒரு பழைய மைலோ டின். காவலுக்கு ஆள் கிடையாது. எடுக்கிறவர் காசைப் போட வேண்டும், மிச்சத்தைத் தானே எடுக்க வேண்டும். முதல் மாதம் 210 ரூபாய் குறைந்தது. கூடப் படிப்பிக்கிற ரீச்சர் ஒருவர் பைகளைச் சோதிப்போம் என்றார். வேண்டாம் என்று, கரும்பலகையில் மூன்று வரி மட்டும் எழுதினோம்: விற்றது எவ்வளவு, இருக்க வேண்டியது எவ்வளவு, இருப்பது எவ்வளவு. யாரையும் விசாரிக்கவில்லை. அடுத்த மாதம் 90 ரூபாய் குறைந்தது. நாலாம் மாதம் 40 ரூபாய் கூட இருந்தது. யாரோ பழைய கடனைத் தீர்த்திருக்கிறார்கள் என்று நான் நம்புகிறேன். கணக்கு எழுதுகிற தரம் 9 பிள்ளை, யாரோ மிச்சம் எடுக்க மறந்துவிட்டார்கள் என்று சொல்கிறாள்.

சரி, இனி அமைப்புகளுக்கு வருவோம்.

எங்கள் வன்னியில் அதிகம் கண்ணில் படுவது சமயத்தோடு சேர்ந்தவை. சைவப் பிள்ளைகளுக்கு அறநெறிப் பாடசாலை, கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி, முஸ்லிம் பிள்ளைகளுக்கு அஹதிய்யா, பௌத்தப் பிள்ளைகளுக்குத் தம்ம பாடசாலை. சைவர்களுக்கு வெள்ளிக்கிழமைதானே விசேஷம், வகுப்பு மட்டும் ஏன் ஞாயிறு? அதன் வேர் இங்கிலாந்தில் இருக்கிறது. 1780 இல் குளோஸ்டர் நகரத்தில் றொபேட் றெய்க்ஸ் என்ற பத்திரிகைக்காரர், கிழமை முழுக்க வேலை செய்யும் ஏழைப் பிள்ளைகளுக்கு ஓய்வு நாளில் பள்ளி நடத்தினார். ஞாயிறு பள்ளி மிசனரிகளோடு கப்பலேறி இலங்கைக்கும் வந்தது. அதைப் பார்த்துத்தான் 1895 இல், பௌத்தக் கல்விக்கு உழைத்த அமெரிக்கரான கேணல் ஒல்கொட் காலியில் பௌத்தப் பிள்ளைகளுக்கு ஒன்றைத் தொடங்கிவைத்தார். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் 1848 இலேயே வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியிருந்தார். 1888 இல் சைவ பரிபாலன சபை வந்தது. ஒருவரைப் பார்த்து ஒருவர் எழும்பியதுதான் இந்த வரலாறு. இன்றைக்கு அறநெறிப் பாடசாலைகள் இந்து சமய கலாசார அலுவல்கள் திணைக்களத்தில் பதிவு செய்து நடக்கின்றன. படிப்பிக்கிறவர்கள் பெரும்பாலும் தொண்டர்கள். தேவாரம், கதை, பாடம், முடிவில் அவித்த கடலை. கடலைக்காக மட்டும் வருகிற பிள்ளையும் உண்டு, வரட்டும்.

எங்கள் பலவீனத்தையும் சொல்லிவிட வேண்டும். மனனத்தில் கெட்டிக்காரர்கள் நாங்கள். ஆத்திசூடியை மூச்சு விடாமல் ஒப்புவித்துப் பரிசு வாங்கிய பிள்ளை, கீழே இறங்கியதும் தம்பியின் பங்குக் கடலையைப் பறிக்கிறதைப் பார்த்திருக்கிறேன். தோமஸ் லிக்கோனா என்ற கல்வியாளர் குணத்தை மூன்றாகப் பிரிப்பார்: நல்லதை அறிவது, நல்லதை விரும்புவது, நல்லதைச் செய்வது. எங்கள் வகுப்பு முதலாவதோடு களைத்துவிடுகிறது.

சீருடை போட்ட அமைப்புகள் மூன்றாவதிலிருந்து தொடங்குகின்றன. சாரணர் இயக்கம் 1907 இல் பேடன் பவல் என்ற பிரித்தானியப் படை அதிகாரி இங்கிலாந்தின் பிரவுன்சீத் தீவில் சுமார் 20 பெடியன்களோடு போட்ட ஒரு கூடாரத்தில் பிறந்தது. 1912 இல் இலங்கைக்கு வந்தது. பெண் சாரணியர் 1917 இல் தொடங்கினார்கள். அதன் சூட்சுமம் கழுத்துப் பட்டியில் இல்லை, அணி முறையில் இருக்கிறது. ஆறேழு பிள்ளைகள் ஓர் அணி, அவர்களில் ஒருவரே தலைவர். பாசறையில் சோறு குழைந்தால் அந்த அணிதான் குழைந்த சோற்றைத் தின்ன வேண்டும். ஆசிரியர் வந்து காப்பாற்ற மாட்டார். சென் ஜோன்ஸ் முதலுதவிப் படையும் இதே வழிதான்: கட்டுப் போடப் பழகிய கை, விபத்தைக் கண்டால் போனில் படம் எடுப்பதற்கு முன் வேறு வேலை தேடும். சீருடைக்கும் பாசறைக்கும் காசு வேண்டும் என்பது கிராமத்துப் பிள்ளைக்கு ஒரு தடை. பழைய மாணவர் சங்கங்கள் இதில் கொஞ்சம் கண் வைக்கலாம்.

செஞ்சிலுவையைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1859 இல் சொல்பெரினோ போர்க்களத்தில் காயப்பட்டுக் கிடந்தவர்களைக் கண்ட ஹென்றி டுனான்ட் என்ற சுவிஸ் வியாபாரி, ஊர்ப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு இரண்டு பக்கத்துப் படையினருக்கும் தண்ணீர் கொடுத்தார். அந்தக் காட்சியிலிருந்துதான் 1863 இல் அமைப்பு உருவானது. அதன் ஏழு அடிப்படைக் கோட்பாடுகள் 1965 இல் வியன்னாவில் அறிவிக்கப்பட்டன. மனிதாபிமானம், பாரபட்சமின்மை, நடுநிலைமை என்று வரிசை போகும். வெளியூர்ப் பிள்ளைகளுக்கு இவை பலகையில் எழுதிய சொற்கள். வன்னியில் அப்படி இல்லை. 2009 இல் புதுமாத்தளன் கரையிலிருந்து காயக்காரர்களைச் சர்வதேச செஞ்சிலுவைக் குழுவின் கப்பல் ஏற்றிக்கொண்டு போனது. அதில் போன தாய்மார், தகப்பன்மார் இன்று எங்கள் ஊரில் கடை வைத்திருக்கிறார்கள், வயல் செய்கிறார்கள். பாரபட்சமின்மை என்றால் என்ன என்று எங்கள் பிள்ளை கேட்டால் அகராதி எடுக்கத் தேவையில்லை. வீட்டில் ஆள் இருக்கிறது.

இன்னொரு வகை, ஒழுக்கம் என்ற சொல்லையே வாயில் எடுக்காமல் அதைப் பழக்கியவை. ஏ. ரி. ஆரியரத்ன என்ற கொழும்பு ஆசிரியர் 1958 இல் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு கனத்தொலுவ என்ற ஒதுக்கப்பட்ட கிராமத்துக்குப் போய்ச் செய்த சிரமதானம்தான் சர்வோதயத்தின் தொடக்கம். ஊரைத் திருத்தப் போனவர்கள் தாங்கள் திருந்தி வந்தோம் என்பது அதன் தத்துவம். எங்கள் மண்ணுக்கு இன்னும் நெருக்கமானது காந்தியம். கட்டடக்கலைஞர் டேவிட், வைத்தியர் இராஜசுந்தரம் இருவரும் 1970களில் வவுனியாவை மையமாக வைத்து நடத்தியது. 1977 கலவரத்தில் அடிபட்டு வந்த மலையக மக்களை இந்தப் பக்கம் குடியேற்றினார்கள்; முன்பள்ளிகள் வைத்தார்கள், பண்ணைகள் போட்டார்கள், கிராமம் கிராமமாக மருத்துவ சேவை கொண்டுபோனார்கள். நகரத்து இளைஞர்கள் வந்து கிணறு வெட்டினார்கள். அகிம்சையைப் பற்றிப் பேச்சுப் போட்டி வைப்பதற்கும், ஏதிலியாக வந்தவரோடு சேர்ந்து வேலி அடைப்பதற்கும் உள்ள தூரம் அந்த இளைஞர்களுக்குத் தெரிந்திருக்கும். 1983 இல் இருவரும் கைதானார்கள். அந்த வருடம் ஆடியில் வெலிக்கடைச் சிறையில் இராஜசுந்தரம் கொல்லப்பட்டார். உயிர் தப்பிய டேவிட் பல வருடம் தமிழ்நாட்டில் இருந்துவிட்டுத் திரும்பி வந்து, 2015 இல் கிளிநொச்சியில் காலமானார். காந்தியத்தின் பெயர் இன்றைய எங்கள் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று வகுப்பில் ஒரு நாள் கேட்டேன். ஒருவர் கை உயர்த்தினார். அவருக்கும் காந்தியைத்தான் தெரிந்திருந்தது.

குணக் கல்வியையே முழுநேர வேலையாக வைத்திருக்கும் அமைப்புகள் வெளிநாட்டில் பல. அமெரிக்காவில் 1992 இல் சிலர் கூடி, மதம் கடந்து எல்லாரும் ஒப்புக்கொள்ளும் ஆறு குணங்களைத் தேர்ந்தார்கள்: நம்பகம், மரியாதை, பொறுப்பு, நியாயம், அக்கறை, குடிமை. பேமிங்காம் பல்கலைக்கழகத்தில் 2012 இல் தொடங்கிய ஜூபிலி நிலையம் குணங்களை அறிவு, அறம், குடிமை, செயலாற்றல் என்று நான்கு கூறாக்குகிறது. இந்தப் பிரிவினை எனக்குப் பிடிக்கும். விடாமுயற்சி, தன்னம்பிக்கை எல்லாம் செயலாற்றல் பக்கம். அவை கள்ளனுக்கும் உண்டு, சில வேளை கூடுதலாகவே உண்டு. இந்தியாவிலிருந்து வந்த சாயி பாலவிகாஸ் வகுப்புகள் சத்தியம், தர்மம், சாந்தி, பிரேமை, அகிம்சை என்று ஐந்தை வைத்திருக்கின்றன.

இவையெல்லாம் பலன் தருகின்றனவா? 2010 இல் அமெரிக்கக் கல்வித் திணைக்களம் ஏழு நிகழ்ச்சித்திட்டங்களை 84 பாடசாலைகளில் ஒப்பிட்டுப் பார்த்தது. சராசரியாகப் பார்த்தால் பிள்ளைகளின் நடத்தையில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. பொதி கட்டி அனுப்பினால் ஒழுக்கம் வந்து இறங்காது போல.

எங்களுக்கு அதைச் சொல்ல ஆய்வு தேவைப்படவில்லை. சண்டை முடிந்த பிறகு வந்த அமைப்புகள் எத்தனை! மூன்று நாள் செயலமர்வு, ரீ-சேட், பதாகை, ரோல்ஸ் பொதி, குழுப் படம். ‘சகிப்புத்தன்மை’ என்று பெரிய தாளில் கலர் மாக்கரால் எழுதி ஒட்டினோம். நாலாம் நாள் அந்தத் தாளைச் சுருட்டிக்கொண்டு வாகனம் போய்விட்டது. முகாமிலிருந்து வந்து தகரக் கொட்டிலில் இருந்த பிள்ளைக்கு ‘பகிர்ந்து உண்’ என்று படம் காட்டினார்கள். வரிசையில் நின்று வாங்கிய ஒரு பாணை ஐந்தாகப் பிய்த்த பிள்ளை அது. அந்த வளவாளர் மேல் எனக்குக் கோபம் இல்லை; அவருக்கு எழுதிக் கொடுத்ததை அவர் செய்தார். பிள்ளைதான் எங்களைப் பார்த்து ஒரு மாதிரிச் சிரித்தது.

ஆகவே இடம் தேடுகிற பெற்றோர் பதாகையைப் பார்க்காமல், அங்கே என் பிள்ளையின் கையில் என்ன வேலை இருக்கும் என்று கேளுங்கள். கேட்டுக்கொண்டு இருப்பது மட்டும்தான் என்றால் யோசியுங்கள். ஒரு வருடம் கழித்தும் அதே பெரியவர்கள் அங்கே இருப்பார்களா என்று பாருங்கள். பிள்ளை ‘ஏன்’ என்று கேட்டால் அவர்கள் முகம் எப்படி மாறுகிறது என்பதையும் கவனியுங்கள். பிரம்பு வைத்திருக்கிற இடத்தில் ஒழுங்கு கிடைக்கலாம், ஒழுக்கம் கிடைக்காது. அப்புறம் மிக முக்கியமான ஒன்று: எவ்வளவு பெரிய பெயர் உள்ள இடமானாலும், எவ்வளவு வெள்ளை உடுப்புப் போட்ட ஆளானாலும், பிள்ளையைத் தனியே ஒரு பெரியவரோடு மூடிய அறையில் விடும் வழக்கம் இருந்தால் அன்றைக்கே கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலக்கம் 1929. போனில் போட்டு வையுங்கள்.

மாமரப் பெடியனை என் வகுப்புக்கே வரச் சொன்னேன். முதல் மூன்று ஞாயிறும் பின்வரிசையில் இருந்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். நாலாம் கிழமை மண்டபத் திறப்பைக் கையில் கொடுத்து, இனி ஞாயிறு ஏழரைக்கு நீதான் திறக்க வேணும் என்றேன். ஏழேகாலுக்கே வந்து நின்றான். இரண்டு மாதம் ஒரு நாளும் பிந்தவில்லை. பிறகு ஒரு சனிக்கிழமை பின்னேரம் சைக்கிளில் வந்து, படலைக்கு வெளியே நின்றபடி, “திறப்பைத் துலைச்சிட்டன்” என்றான். குளத்தடியில் தேடினானாம், கிடைக்கவில்லையாம். பொய் ஒன்று சொல்லியிருக்கலாம், நானும் நம்பியிருப்பேன்.

பூட்டை உடைத்துப் புதிது போட 850 ரூபாய் முடிந்தது. புதுத் திறப்பும் அவனிடம்தான் இருக்கிறது. தாய்க்கு இன்னும் தெரியாது.